ஆடட்டும் பிள்ளைகள், அளவோடு ஆடட்டும்!

ஆடி மாதம். சனிக்கிழமை மாலை. பூந்தமல்லியில் ஒரு சின்ன வீடு.

பையனுக்கு வயது 22. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் ஷிப்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அன்று அவனுக்கு ஓய்வு நாள். குளித்தான். தலை சீவினான். புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"எங்கேடா புறப்பட்டாய்?" என்று தந்தை கேட்டார்.

"பக்கத்துத் தெருவில் இன்றைக்கு ஆட்டம், நைனா. முதலில் மேளம். அப்புறம் கானா. அப்புறம் டி.ஜே. கூட்டாளிகள் எல்லாரும் வருகிறார்கள்."

"அது பாட்டா? டம், டம் என்று நெஞ்சில் இடிக்கிறது. காது கிழிகிறது. அதைக் கேட்கப் போகிறாயா?"

"கேட்கப் போகவில்லை, நைனா. ஆடப் போகிறேன்."

உள்ளே இருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நானும் வரட்டுமா?" என்றாள்.

தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இவன் போவதே தப்பு. நீ வேறா? பேசாமல் உள்ளே போ!" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா மட்டும் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு வீடு வாசற்படி. இந்தப் பேச்சு ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. அம்பத்தூரில், ஆவடியில், பூந்தமல்லியில் எத்தனையோ வீடுகளில் நடக்கும் பேச்சு. இதில் யார் பக்கம் நியாயம்? பையன் பக்கமா, தந்தை பக்கமா?

அந்த இரவு எப்படி இருக்கும்?

ஆடி பிறந்தால் சென்னையின் மேற்குப் பக்கம் முழுவதும் அம்மன் பெயர்தான். திருவேற்காட்டில் கருமாரி. மாங்காட்டில் காமாட்சி. இவை பெரிய கோயில்கள். இவை தவிர, தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன அம்மன் கோயில்கள். வேப்பிலைத் தோரணம் கட்டுகிறார்கள். கூழ் வார்க்கிறார்கள். சீரியல் பல்பு போடுகிறார்கள். இரவில் பம்பையும் உடுக்கையும் முழங்குகின்றன.

பிறகு பறை வருகிறது. வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பறையைக் காட்டுகிறார்கள். தோல் விறைத்துக்கொள்கிறது. ஒரு கையில் கனத்த அடிகுச்சி. மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. முதல் அடி விழுந்ததும் சிறுவர்கள் வட்டம் கட்டுகிறார்கள். இரண்டாவது அடியில் வாலிபர்கள் உள்ளே குதிக்கிறார்கள்.

அதற்கு மேல் கானாப் பாட்டு. கடைசியில் டி.ஜே. அதாவது, பல பாட்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்து, தாளம் அறுந்து போகாமல் ஒலிக்கச் செய்பவர். சவுண்ட் சர்வீஸ்காரர் அடுக்கி வைத்த பாக்ஸ்களில் இருந்து அந்த அடி கிளம்புகிறது. வேகம் ஏறுகிறது. மண் அதிர்கிறது.

ஆடுகிறவர்கள் யார்? மெக்கானிக் கடைப் பையன் ஆடுகிறான். பூக்கடையில் மாலை கட்டுகிறவன் ஆடுகிறான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகிறவன் ஆடுகிறான். கல்லூரி மாணவனும் ஆடுகிறான். வாரம் முழுவதும் ஒருவன் சொன்னபடி நின்ற கால்கள் அவை. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்த உடல்கள் அவை. அந்த இரண்டு மணி நேரம் அவை தாங்கள் நினைத்தபடி ஆடுகின்றன.

இதற்குப் பெரிய மேடை இல்லை. 2,000 ரூபாய் டிக்கெட் இல்லை. கடைக்காரர்கள் கொடுத்த நன்கொடை, தெருக்காரர்கள் போட்ட பணம், அவ்வளவுதான். ஆடுகிறவனின் பெயரும் வீடும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

தாத்தா தூங்கினாரா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள்" என்று பெரியவர்கள் குறை சொல்கிறார்கள். அந்தப் பெரியவர்களின் தகப்பனார்கள் என்ன செய்தார்கள்?

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கங்களில் தெருக்கூத்து என்றால் விடிய விடியத்தான். பாரதக் கூத்து நாள் கணக்கில் நடக்கும். ஜனங்கள் பாயும் போர்வையுமாக வந்து தரையில் உட்கார்வார்கள். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து முழங்கும். கட்டியங்காரன் சிரிக்க வைப்பான். திரௌபதி அழ வைப்பாள். கிழக்கு வெளுக்கும்போதுதான் வீடு திரும்புவார்கள். கண் சிவந்திருக்கும். ஆனாலும் அன்று ஏர் நிற்காது.

ஆயா சிரித்தது இதனால்தான். சின்ன வயதில் அவளும் தன் தகப்பனார் தோளில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கப் போனவள்.

ஆகவே, இரவில் ஊர் கூடி மேளம் கேட்பதும், உடல் களைக்க ஆடுவதும் புதுப் பழக்கம் அல்ல. கூத்து இருந்த இடத்தில் பாக்ஸ் வந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெரும்பாலும் கூத்துக்காரன் தொண்டையில் இருந்து பாடினான். பாக்ஸுக்கோ தொண்டையும் இல்லை, களைப்பும் இல்லை. சண்டை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ராட்டர்டாமிலும் ஒரு கூட்டாளி

இந்த வேகக் குத்து பூந்தமல்லிக்கு மட்டும் சொந்தம் அல்ல. கடல் கடந்தும் இருக்கிறது.

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே ராட்டர்டாம் என்று ஒரு துறைமுக நகரம். கப்பல், கிரேன், கிடங்கு என்று உழைக்கிற ஊர். இரண்டாவது உலகப் போரில், 1940 மே 14 அன்று, ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அந்த நகரின் நடுப்பகுதியையே தரைமட்டம் ஆக்கின. மறுபடியும் கல் மேல் கல் வைத்துக் கட்டிய ஊர் அது.

1990-ம் ஆண்டை அடுத்து, அந்த ஊர் வாலிபர்களிடையே ஓர் இசை வெறியாகப் பரவியது. அதற்கு 'ஹார்ட்கோர்' என்று பெயர். மெல்லிசைக்கு நேர் எதிர். சும்மா இருக்கும் மனிதனின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை அடிக்கிறது. இந்த இசையில் நிமிஷத்துக்கு 160 முதல் 200 அடி வரை விழும். அதாவது விநாடிக்கு மூன்று அடி! அந்த வேகத்துக்கு ஏற்ப, கால்களை மாற்றி மாற்றி உதைத்து வாலிபர்கள் ஆடினார்கள். பலர் தலையை மொட்டை அடித்துக்கொண்டார்கள். விளையாட்டு உடுப்பும் ஓட்டக்காரர்களின் ஷூவும் அணிந்தார்கள்.

கௌரவமான ஜனங்கள் முகம் சுளித்தார்கள். "இது இசையே அல்ல, இயந்திரச் சத்தம்" என்றார்கள். பூந்தமல்லித் தந்தை சொல்வதும் அதுதான்.

அந்த இசையை 'கப்பர்' என்றும் சொல்வார்கள். அதை ஆடுகிறவனுக்கும் அதே பெயர். அந்த நாட்டுப் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? கூட்டாளி! பூந்தமல்லிப் பையன் தன் தந்தையிடம் சொன்ன அதே வார்த்தை.

சின்ன விடுதிகளில் கூட்டாளிகள் கூடிய ஆட்டம் விரைவில் பெரிதாயிற்று. 1992 அக்டோபர் 3 அன்று, 'தண்டர்டோம்' என்ற பெயரில், ஹீரன்வீன் என்ற ஊரில் பனிச்சறுக்கு அரங்கம் ஒன்றிலே பெரிய ஆட்ட இரவு நடந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் பெருகியபோது கெடுதலும் புகுந்தது. போதை மாத்திரை புகுந்தது. இனவெறி பேசுகிறவர்கள் சிலரும் புகுந்தார்கள். அதைப் பார்த்து இசைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "இனவெறிக்கு இங்கே இடம் இல்லை" என்று அவர்களில் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கெடுதல் தாளத்தில் இல்லை. யார் நடத்துகிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இழிவு என்றார்கள், இன்று விருது

மேளத்தைப் பழிப்பது இங்கே வேறு ஒரு காரணத்தாலும் நடந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

பறை என்பது மரச் சட்டத்தில் மாட்டுத் தோல் போர்த்திய கருவி. சங்க காலப் பாட்டுகளிலேயே அதைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அதை அடித்தவர்கள் சேரியில் இருந்தார்கள். ஆகவே, அது "சாவுக்கு அடிக்கிற மேளம்" என்று ஒதுக்கப்பட்டது. அடித்தவனையும் ஒதுக்கினார்கள், அடியையும் ஒதுக்கினார்கள். வட சென்னையின் கானாவுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு அது. நல்ல வீட்டுப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்றார்கள்.

காலம் மாறியது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில், 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல் முறையாக மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் முயற்சியால் உருவான குழு அது. கானாவும் பறையும் மேல்நாட்டு இசையும் அந்த மேடையில் கலந்தன. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களே பாடி வந்த கானாவைப் பாடிய பெண். 2020-ல் பி.பி.சி. நிறுவனம் உலகின் 100 பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 2025-ல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

நேற்று "சத்தம்" என்று சொன்னதை இன்று "கலை" என்கிறார்கள். ஆகவே, இன்று "சத்தம்" என்று சொல்வதற்கு முன்பு கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்பது வேறு; கெட்டது என்பது வேறு.

மறுபக்கம்

அப்படியானால் பையன் சொன்னதுதான் சரியா? முழுவதும் சரி என்று சொல்ல முடியாது.

ஆட்டம் நடக்கும் தெருவில் பத்தாவது வீடு ஒன்று இருக்கிறது. அங்கே நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு முதியவர் படுத்திருப்பார். பதினோராவது வீட்டில் பிறந்து இருபது நாள் ஆன குழந்தை இருக்கும். அடுத்த வீட்டில் மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். ஒருவனுடைய ஓய்வு நாள் இன்னொருத்தியின் வேலை நாள். அவளுடைய தூக்கத்தைத் திருடுவதற்கு யாருக்கு உரிமை?

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் காதே கண். வண்டி வருகிறதா, ஆள் வருகிறாரா, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் காதால்தான் அறிகிறார்கள். தெருவைச் சத்தத்தால் நிரப்பினால் அவர்களுக்கு அது இருட்டு.

இன்னொரு உண்மையும் உண்டு. கேட்டால் மனம் பதறும். சத்தம் பற்றி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ல் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு வரக் காரணம் ஒரு 13 வயதுச் சிறுமி. அவள் ஆபத்தில் சிக்கி உதவி கேட்டுக் கூவினாள். பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியால் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. அந்தச் சிறுமி இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

இதை ஒலிபெருக்கி வைக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குரலை அமுக்கும் பாட்டு, எந்த அம்மனுக்கும் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சத்தத்துக்கு நாடு முழுவதற்குமான விதிகள் 2000-ம் ஆண்டில் வந்தன. அவை மிகவும் எளியவை.

ஒலிபெருக்கி வைக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பூந்தமல்லி இப்போது ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லைக்குள் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மேளமும் கூடாது. திருவிழா, கலை விழாக்களுக்காக, வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு சலுகை கொடுக்கலாம்.

சத்தத்தை 'டெசிபல்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே விதிப்படியான அளவு. இருவர் சாதாரணமாகப் பேசும் சத்தமே சுமார் 60 டெசிபல். இதிலிருந்தே பாக்ஸ் சத்தம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

போன காது திரும்பாது

தெருக்காரர்களை விடுங்கள். ஆடுகிறவனின் காது என்ன ஆகும்?

காதின் உள்ளே நத்தை ஓடு போல ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் மயிர் போன்ற நுட்பமான உயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. ஒலி வந்து மோதும்போது அவை அசைகின்றன. அந்த அசைவுதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. கடுமையான சத்தம் அவற்றை முறித்துவிடும். வெட்டிய தலைமயிர் மறுபடியும் வளரும். இந்த மயிரணு வளராது. போனது போனதுதான்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-ல் 4 மணி. 91-ல் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்! ஆட்டம் முடிந்து வீடு வந்த பிறகும் காதில் "ங்ஙொய்" என்று இரைகிறதா? அது காது கொடுக்கும் எச்சரிக்கை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் இசைக் கூட்டங்களுக்கு ஒரு வழிமுறை சொன்னது. சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. சத்தத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும். சத்தம் இல்லாத ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பவை அதில் உண்டு. அந்த நிறுவனம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அளவாக நடத்தச் சொல்கிறது.

தடுத்தால் நிற்குமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? தடை போட்டுவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள்.

இங்கிலாந்து அப்படிச் செய்து பார்த்தது. 1994-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். திரும்பத் திரும்ப அடி விழும் இசையை இரவில் வெட்டவெளியில் உரக்க ஒலிக்கவிட்டு, 100 பேரோ அதற்கு மேலோ அனுமதி இல்லாமல் கூடினால் போலீசார் கலைக்கலாம் என்றது அந்தச் சட்டம். 2003-ல் அந்த 100-ஐ 20 ஆகக் குறைத்தார்கள். பலன்? இசை சாகவில்லை. கொஞ்சம் விடுதிகளுக்குள் போயிற்று. கொஞ்சம் ஊருக்கு வெளியே, இருட்டுக்குள் போயிற்று.

ஜெர்மனியின் பெர்லின் நகரம் வேறு வழி பார்த்தது. 2018-ல் அந்த நகர அரசு 10 லட்சம் யூரோ ஒதுக்கியது. எதற்கு? நடன விடுதிகளில் இருந்து சத்தம் வெளியே போகாமல் தடுப்பு அமைக்க! ஆடுகிறவனும் ஆடட்டும்; தூங்குகிறவனும் தூங்கட்டும் என்பது அதன் பொருள். 2024-ல் அந்த நகரின் டெக்னோ நடன இசையை ஜெர்மனி தன் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது.

பூந்தமல்லியில் தடை போட்டால் என்ன நடக்கும்? பையன் வீட்டில் உட்கார மாட்டான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருபது மைலுக்கு அப்பால் போவான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அவன் குடித்தாலும் கேட்பார் இல்லை. விழுந்தாலும் தூக்குவார் இல்லை. நள்ளிரவில் லாரிகள் பாயும் பெங்களூர் நெடுஞ்சாலையில் அரைத் தூக்கத்தில் திரும்பி வர வேண்டும். பெற்றவள் வாசலில் காத்திருக்க வேண்டும்.

பெரிய கூட்டம் என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 10 அன்று, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிகப் பெரிய இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. டிக்கெட் வாங்கிய ஏராளமானோர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிசலில் தவித்தார்கள். தங்களிடம் அத்துமீறியதாகப் பெண்கள் பலர் புகார் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் யார் யாரைக் கவனிப்பது?

தெருவில் நடக்கும் சின்ன ஆட்டத்தில் அந்தத் தொல்லை குறைவு. "அவன் இன்னார் மகன், இவள் இன்னார் தங்கை" என்று சொல்ல நூறு கண்கள் இருக்கின்றன. நாலு பேர் பார்க்கும் இடத்தில் கை நீட்ட எவனுக்கும் தைரியம் எளிதில் வராது.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல.

இடம்: வீடுகளுக்கு நடுவே வேண்டாம். நகராட்சி மைதானமோ, சமுதாயக் கூடமோ கொடுக்கலாம். வாலிபர்களுக்குச் சினிமாக் கொட்டகையும் மதுக்கடையும் மட்டும்தான் போக்கிடம் என்று ஓர் ஊர் வைத்திருந்தால், குற்றம் வாலிபர்கள் மேல் மட்டும் இல்லை.

நேரம்: மாலை 6 மணிக்குத் தொடங்கட்டும். பத்தாவது மணி அடிக்கும் முன் பாக்ஸ் அணையட்டும். நான்கு மணி நேரம் ஆட்டத்துக்குப் போதும்.

பாக்ஸ்: வீடுகளைப் பார்த்து வைக்காமல் ஆடுகிறவர்களைப் பார்த்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மலை போல அடுக்குவதற்குப் பதிலாக, சின்னப் பாக்ஸ்களைச் சுற்றி வைத்தால் குறைந்த சத்தமே போதும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே, பாக்ஸுக்கும் ஆடுகிறவர்களுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினால், அதுவே காதுக்குக் காவல். சிறுவர்களைப் பாக்ஸ் பக்கமே விடக் கூடாது.

ஒழுங்கு: குடித்தவனுக்கு உள்ளே இடம் இல்லை. பெண்களுக்குத் தனி வழியும் வெளிச்சமும் வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். நடத்துகிறவர்கள் முன்கூட்டியே பக்கத்து வீடுகளில் சொல்லிவிட வேண்டும். "அம்மா, சனிக்கிழமை ஆட்டம் வைக்கிறோம். பத்து மணிக்கு முடித்துவிடுவோம். தொந்தரவு என்றால் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

பெரியவர்கள்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரியவர்கள் வீட்டில் இருந்து திட்டக் கூடாது. ஒரு நாற்காலியைப் போட்டு அங்கே வந்து உட்கார வேண்டும். கூத்து நடந்த நாளில் ஊரே அங்கே இருந்தது. அதனால்தான் ஊர்ப் பிள்ளைகள் வரம்புக்குள் இருந்தார்கள்.

அந்த வீட்டில்...

மறுபடியும் அந்தச் சின்ன வீடு.

ஆயா வெற்றிலை உரலைக் கீழே வைத்தாள். தலைமுடியை முடிந்துகொண்டாள். "டேய், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொள். நானும் வருகிறேன்" என்றாள்.

"உனக்கு எதற்கம்மா அந்தச் சத்தம்?" என்று தந்தை கேட்டார்.

"கூத்துக்கு உங்கள் தாத்தாவோடு போனேன். இதற்குப் பேரனோடு போகிறேன். தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். பத்து மணிக்கு மூன்று பேரும் வந்துவிடுவோம்" என்றாள் ஆயா.

தந்தை பதில் பேசவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பத்து மணி. பாக்ஸ் அணைந்தது. மெட்ரோ ரயில் பாதைத் தூண்களுக்குக் கீழே வண்டிகளின் இரைச்சல் மறுபடியும் கேட்டது. மூன்று பேரும் தெரு வழியே நடந்து வந்தார்கள். பையனின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். பத்தாவது வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. அங்கே முதியவர் தூங்கிவிட்டார்.

கதவைத் திறந்தவர் தந்தைதான். "எப்படியம்மா இருந்தது?" என்று கேட்டார்.

"வேகம் அதிகம்தான். ஆனால் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள்" என்றாள் ஆயா. "அடுத்த வாரம் நீயும் வா."

ஆட்டத்துக்கு ஒரு மைதானம், நாலு மணி நேரம், பக்கத்தில் பெரியவர்களுக்கு நாற்காலி. இவ்வளவையும் ஓர் ஊர் கொடுத்தால் போதும். அதன் பிள்ளைகள் ஆடிவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார்கள். கொடுக்காவிட்டாலும் ஆடுவார்கள். ஆனால் எங்கே ஆடுகிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரியாது.